மின் இணைப்பு இல்லாத காட்டோர வீட்டுக்கு நாலு நாள் விருந்தாளியாகப் போகிறவர் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். கல்லூரி நண்பர் சத்தியமங்கலத்துக்கு மேலே மலைப்பகுதியான தாளவாடிப் பக்கம் மூன்று ஏக்கர் வாங்கி, மின்வாரிய இணைப்பு இல்லாமல், கிணறு, சோலார், மூன்று மாடு, சாண எரிவாயு, தண்ணீர் ஊற்றாத உலர் கழிப்பறை என்று குடும்பத்தோடு இருக்கிறார். ஏப்ரல் கடைசியில் நீங்களும் மனைவியும் ஏழு வயது மகளும் நாலு நாள் தங்கப் போகிறீர்கள். என்ன கொண்டுவரட்டும் என்றால் "ஒண்ணும் வேண்டாம், சும்மா வாங்க" என்கிறார். கேட்டது என்னவோ சாமான் பட்டியல்தான். ஆனால் அவருக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற தயக்கம்தான் கேள்வி முழுக்கத் தெரிகிறது. அதற்கே பதில் சொல்கிறேன். இப்படிப்பட்ட வீடுகளுக்கு சோலாரும் உலர் கழிப்பறையும் அமைத்துக் கொடுப்பது என் வேலை. அந்தக் கணக்குகளை நம்பி எடுத்துக்கொள்ளலாம். பாம்புக்கடி, காய்ச்சல் பற்றிக் கீழே வருவது அரசு மருத்துவமனைகளில் பின்பற்றப்படும் பொதுவான முறை. அதற்கு மேல் வைத்தியம் பேச எனக்குத் தகுதி கிடையாது.

நகரத்து வீட்டில் ஆள் கூடினால் பில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நண்பர் வீட்டில் தண்ணீர், மின்சாரம், அடுப்பு எரிபொருள், வேலைநேரம் நான்கும் அன்றன்றைக்கு அளந்து ஓடுகிறவை. நான்கில் எது இறுக்கம் என்பது மாதத்தைப் பொறுத்தது. நவம்பரில் மூடிய வானத்தால் மின்சாரம் இழுபறி. டிசம்பர், ஜனவரி குளிரில் சாண எரிவாயு குறையும். நீங்கள் போகும் ஏப்ரலில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, வாயுவும் நன்றாக ஊறும். இறுக்கம் கிணற்றில்தான். அதைவிட இறுக்கம் நண்பருடைய நேரத்தில்.

முதலில் தண்ணீர். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமங்களுக்கு 55. நீங்கள் மூன்று பேரும் ஊர்ப் பழக்கத்தை மாற்றாமல் இருந்தால் ஒரு நாளைக்கு 405 லிட்டர். வாளியில் அளந்து குளித்து, உலர் கழிப்பறையை முறையாகப் பயன்படுத்தினால் ஆளுக்கு 40 லிட்டரில் சௌகரியமாகவே இருக்கலாம், மொத்தம் 120. மிச்சம் 285. வளர்ந்த வாழைக்குச் சொட்டுநீரில் நாளொன்றுக்கு 20 லிட்டர் போலத் தேவை என்று வைத்தால், அது பதினான்கு வாழையின் ஒரு நாள் பங்கு. குளியல்தான் பெரிய செலவு. ஷவரில் நிமிடத்துக்கு எட்டு, பத்து லிட்டர் போகும். ஒரு வாளி பதினைந்து லிட்டர்தான். பலரும் கவனிக்காத இன்னொரு செலவு படுக்கைத் துணி. நீங்கள் கிளம்பிய பிறகு மூன்று பேருடைய விரிப்பு, போர்வை, தலையணை உறையை அலச நூறு லிட்டராவது ஆகும். அவற்றை வீட்டிலிருந்தே கொண்டுபோய் அழுக்கோடு திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். துண்டும் அப்படித்தான்.

குளித்த தண்ணீர் சாக்கடைக்குப் போகாது. பெரும்பாலும் கல்வாழை, சேம்பு நட்ட ஒரு பாத்தி வழியாக வாழைக்கோ தென்னைக்கோ போகும். சோப்பும் ஷாம்பூவும் அளவோடு இருந்தால் மண் தாங்கும். தாங்காதது பிளீச்சிங் பவுடர், கிருமிநாசினித் திரவம், சோடியம் அதிகமுள்ள துணி சோப்புத் தூள். நாலு நாளைக்கு சீயக்காய், பயத்தமாவு எடுத்துப்போவது நல்லது. அங்கே துணி துவைக்கவே வேண்டாம். குடிதண்ணீர் விஷயத்தில் கூச்சம் வேண்டாம். திறந்த கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கிருமி இல்லை என்று சொல்ல முடியாது. நண்பர் குடும்பத்துக்குப் பழகிய தண்ணீர் உங்கள் மகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கேன் தண்ணீர் சுமந்துபோகாதீர்கள். காலி பிளாஸ்டிக்கை யார் எடுத்துப்போவது? கறந்த பாலையும் காய்ச்சியே குடியுங்கள். "பச்சைப் பால் சத்து" என்று யாராவது நீட்டினால் மறுத்துவிடுங்கள், புருசெல்லோசிஸ் காய்ச்சல் அந்த வழியாகவும் வரும்.

மின்சாரத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு கிலோவாட் பேனலும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி இரண்டும் இருப்பதாக வைப்போம். சின்னக் குடும்பங்களில் அதிகம் காணும் அளவு இது. காகிதத்தில் பேட்டரி 3,600 வாட்-மணி. டியூபுலர் லெட்-ஆசிட் வகை, பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே நடைமுறையில் 1,800. வீட்டுக்காரர்கள் செலவு: ஒன்பது வாட் எல்இடி ஆறு, நாலு மணி நேரம், மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி மின்விசிறி இரண்டு, எட்டு மணி நேரம், மிக்ஸி பத்து நிமிடம், போன்கள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 825 வாட்-மணி. நீங்கள் போனதும் கூடுவது ஒரு மின்விசிறி 240, நாலு மணி நேர லேப்டாப் 200, இரண்டு போன் 30. மொத்தம் 1,300க்கு அருகில். வெயில் நாளில் அந்தப் பேனல் 3,000 வாட்-மணிக்கு மேல் தரும், ஆகவே சிக்கலே இல்லை. ஏப்ரல் கடைசியில் கோடை மழை மேகம் கட்டி நாள் முழுக்க மூடினால் அதே பேனல் 800, 1,000 என்று இறங்கிவிடும். அன்றைக்கு லேப்டாப்பைத் திறக்காமல் இருந்தால் போதும். போனையும் பவர் பேங்கையும் காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்றுக்குள் ஏற்றிவிடுங்கள். அப்போது பேட்டரி நிறைந்து, வரும் மின்சாரம் வீணாகிக்கொண்டிருக்கும். இரவில் ஏற்றுவது பேட்டரியிலிருந்து எடுப்பது.

அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர், எலக்ட்ரிக் கெட்டில் மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 1,500 வாட் கெட்டிலைச் செருகினால் சின்ன இன்வெர்ட்டர் ஓவர்லோடு ஆகி வீடே இருட்டாகும். பெரும்பாலும் மறுபடி போட்டால் வந்துவிடும். ஃபியூஸ் போயிருந்தால் மாற்று ஃபியூஸுக்கு மலையிறங்க வேண்டியிருக்கும்.

உலர் கழிப்பறை பற்றிச் சிலர் அருவருப்போடு போவார்கள், முதல் நாளே பழகிவிடும். விதி ஒன்றுதான்: மலக்குழிக்குள் தண்ணீர் போகக் கூடாது. மேடையில் சாதாரணமாக மூன்று இடம் இருக்கும். நடுவில் மூடியோடு ஒரு துளை, அது மலத்துக்கு. முன்பக்கம் சரிவான கிண்ணம், சிறுநீருக்கு. கழுவிக்கொள்வதற்கு ஓரடி நகர்ந்து உட்காரும் தனி இடம். கழுவி எழுந்ததும் பக்கத்து வாளியிலிருந்து ஒரு பெரிய குவளை சாம்பலோ மரத்தூளோ துளைக்குள் போட்டு மூடியை வைத்துவிட வேண்டும். நாற்றம் வருகிறதென்றால் காரணம் அநேகமாக ஈரம்தான்: யாரோ மலத்துளையிலேயே கழுவியிருப்பார்கள், அல்லது சாம்பல் போதவில்லை. ஈரம் சேர்ந்தால் இரண்டு மூன்று நாளில் புழு வைக்கும். அதைச் சரிசெய்ய நண்பர் குழியைத் திறந்து கிளறி சாம்பல் கலக்க வேண்டும். விருந்தாளி போன பிறகு செய்யும் வேலைகளில் மோசமானது அது. ஃபினாயில் ஊற்றினால் மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். நாப்கின், ஈரத் துடைப்பான் எதுவும் உள்ளே போகக் கூடாது. அவற்றுக்குத் தனிப் பை வைத்து ஊருக்கே எடுத்துவந்துவிடுங்கள். மகளுக்கு முதல் முறை கூடவே நின்று எந்த இடம் எதற்கு என்று காட்டுங்கள். குழந்தைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள், மூடியை மட்டும் மறந்துவிடுவார்கள்.

அடுப்பு. மூன்று மாட்டுக்குத் தினம் முப்பது கிலோ சாணம் என்று வைத்தால் 1.2 கனமீட்டர் வாயு. ஆளுக்குச் சமைக்கக் கால் கனமீட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும், அதாவது நாலு பேருக்குச் சரி. நீங்கள் மூவரும் சேர்ந்தால் முக்கால் கனமீட்டர் துண்டு விழும், அது விறகில் போகும். ஏப்ரலில் வெந்நீர் கேட்காமல் இருப்பதே பெரிய உதவி. அவரவர் எழுந்த நேரத்துக்குத் தனித்தனியாக டீ போடுவதும் வேண்டாம். உதவுகிறேன் என்று விறகு பொறுக்க வேலி தாண்டிக் காட்டுக்குள் போய்விடாதீர்கள். சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். வனத்துறையோடு சிக்கல் வந்தால் நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், அவர் அங்கேயே இருக்க வேண்டும். கோடையில் தோட்டத்தில் கேம்ப் ஃபயர், அணையாத சிகரெட் இரண்டையும் நினைக்கவே வேண்டாம்.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்டது, என்ன கொண்டுபோவது. "என்ன வேணும்" என்று கேட்டால் எல்லோரும் "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். "அடுத்த தடவை சத்தியமங்கலத்துக்கு இறங்கினா என்னென்ன வாங்குவே?" என்று கேளுங்கள், பட்டியல் தானாக வரும். கேட்காமலே வாங்கிப்போகலாம் என்று நான் சொல்வது ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். டியூபுலர் பேட்டரிக்குச் சில மாதத்துக்கு ஒரு முறை ஊற்ற வேண்டியது, சுமப்பதற்குச் சலிப்பான பொருள். கேனில் பேட்டரிக்கானது என்று பார்த்து வாங்குங்கள். ஆர்ஓ தண்ணீரோ மினரல் வாட்டரோ அதற்கு ஆகாது, அவற்றில் உள்ள உப்பு பேட்டரித் தகடைக் கெடுக்கும். அவரிடம் லித்தியம் பேட்டரி இருந்தால் இது தேவையே இல்லை, ஆகவே அதை மட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள். பிறகு நிலத்தில் விளையாதவை: கல்லுப்பு, டீத்தூள், காப்பித்தூள், பெருங்காயம், தீப்பெட்டி, டார்ச் செல். பழைய பருத்தி வேட்டி, புடவைக்கும் அங்கே நூறு உபயோகம் உண்டு. நகரத்து இனிப்புப் பெட்டியும் பொம்மையும் அட்டை, தெர்மாகோல் குப்பையையே கொண்டுபோய்ச் சேர்க்கும். எதை வாங்கினாலும் பொதியைப் பிரித்து வீட்டிலேயே போட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

செடி, கிழங்கு, கோழி, நாய் இவற்றைக் கொண்டுபோகாதீர்கள். தொட்டி மண்ணோடு ஒரு ரோஜாச் செடி கொடுத்தால் அதோடு நூற்புழுவும் கோரைக்கிழங்கும் போகலாம். மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில்தான் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது. பிறகு தமிழ்நாட்டு மரவள்ளித் தோட்டங்களை அது படுத்திய பாடு தெரிந்ததே. இப்படிப்பட்ட பூச்சி வயல்விட்டு வயல் போவதற்கு நடவுக் குச்சி நல்ல வாகனம். சந்தையில் வாங்கிய நாட்டுக்கோழி வெள்ளைக்கழிச்சல் நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் கூண்டே காலியாகிவிடும்.

நேரத்துக்கு வருவோம், இதில்தான் நல்ல விருந்தாளிகளும் சறுக்குவார்கள். அதிகாலைக் கறவை, மாட்டுக்குத் தீனி, தண்ணீர் பாய்ச்சல், மறுபடி மாலைக் கறவை என்று ஓடும் நாளில் உங்களைச் சுற்றிக் காட்ட இரண்டு மணி நேரம் எடுத்தால் அந்த வேலை இருட்டில் நடக்கும். கறவை நேரத்தில் கொட்டகைக்குள் போகாதீர்கள். புது ஆளைப் பார்த்து மாடு மிரண்டால் அட்ரினலின் சுரந்து பால் இறங்குவது தடைப்படும். கால் லிட்டர் குறைவதோடு, மடியில் பால் தங்கினால் மடிநோய்க்கும் வழி. களை எடுக்கிறேன் என்று இறங்குவதும் ஆபத்துதான். கீரை நாற்றுக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாத கை அரை மணியில் ஒரு பாத்தியைக் காலி செய்யும். சொட்டுநீர் வால்வைத் திருகிப் பார்க்காதீர்கள், மாட்டுத் தீவனத் தட்டை வெட்டும் இயந்திரத்தின் பக்கம் மகளை விடாதீர்கள். அந்தக் கைப்பிடிச் சக்கரம் விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரியும், விரலை எடுத்துவிடும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறானால் குழந்தை எங்கே இருக்கிறாள் என்பது உங்கள் இருவரில் ஒருவருடைய முழுநேர வேலை. "அவ பாத்துப்பா" என்று நண்பர் மனைவி தலையில் கட்டாதீர்கள்.

தெரியாத கைக்கும் பொருத்தமான வேலைகள் உட்கார்ந்து செய்பவை. அந்தப் பருவத்தில் புளி இருந்தால் ஓடு நீக்கி, நரம்பு உரித்து, கொட்டை எடுப்பது. இரண்டு பேர் பேசிக்கொண்டே ஒரு மத்தியானத்தில் சில கிலோ முடித்துவிடலாம். கொட்டையை உடைக்காமல் எடுக்க வேண்டும், உதிர்ந்த ஓட்டுத் துணுக்கு சதையில் ஒட்டக் கூடாது. கையில் லேசாக எண்ணெய் தடவிக்கொண்டால் பிசுபிசுப்புத் தொல்லை குறையும். இல்லாவிட்டால் விதைக்கடலை உரிப்பது, அதில் தோல் கிழியாமல் உரிப்பது முக்கியம். பாத்திரம் தேய்ப்பது, முருங்கைக்கீரை ஆய்வது, மூடாக்குக்குச் சருகு சுமப்பது எல்லாம் நேரடியாக அவர் நேரத்தை மிச்சப்படுத்தும். கேட்டுக்கொண்டு நிற்காமல் அடுத்த நாளைக்கு எது என்று முந்தைய இரவே பேசிவிடுங்கள். பணம் கொடுப்பது சங்கடமாகும். அவர் விற்கிற மஞ்சளோ ராகியோ தேனோ இருந்தால் விலை கேட்டுப் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள், அது அவருக்கும் கௌரவம்.

பயணத்தைப் பொறுத்தவரை, பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு லாரி பழுதானால் மணிக்கணக்கில் நிற்க நேரும். 2022 பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவுப்படி இரவில் வாகனத் தடை வந்தது: அப்போது கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை, சரக்கு வாகனங்களுக்கு மாலை 6 முதலே. இந்த நேரங்கள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் விசாரியுங்கள். மதியம் பன்னிரண்டுக்குள் போய்ச் சேர்கிற மாதிரி திட்டமிட்டால் மூன்று மணி நேரத் தாமதமும் வெளிச்சத்திலேயே முடியும். ஆசனூர் பக்கம் காரப்பள்ளத்தில் கரும்பு லாரிக்காக யானைகள் சாலையில் காத்திருப்பது வழக்கம். வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிற இடம் அல்ல அது. காரிலோ வராந்தாவிலோ வாழைப்பழம், பலா, வெல்லம், உப்பு மூட்டை வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். யானை வராமலிருக்கப் போடும் சோலார் வேலியில் ஓடுவது விட்டுவிட்டு வரும் உயர் மின்னழுத்தத் துடிப்பு. சாதாரணமாக உயிரைப் பறிக்காது, ஆனால் குழந்தையைத் தூக்கிப்போடும். இரவில் கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் நண்பரை எழுப்பியே போங்கள், இதில் நாகரிகம் பார்க்க வேண்டாம்.

பாம்பு. உறுதியாகத் தெரிந்தது: கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கிறது, வலி அநேகமாக இருக்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். கட்டிலில் படுப்பதும் கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகுவதும் நல்ல பாதுகாப்பு. இருட்டில் டார்ச், காலில் மூடிய செருப்பு. பூண்டு, பெருங்காயத் தண்ணீர், ஃபினாயில் தெளித்தால் பாம்பு வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கூடாது. கொலுசு, மோதிரம் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108க்குச் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். பாம்பைத் தேடிப் பிடிக்க நேரம் செலவழிக்காதீர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மாற்றுமருந்துதான். விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலியோடு இமை சொருகினால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைதான். எந்த மருத்துவமனையில் மாற்றுமருந்து இருக்கிறது, இரவில் எந்த வண்டி கிடைக்கும் என்பதை முதல் நாள் மாலையே நண்பரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைக்கும் இடம் எது என்பதையும் அப்போதே காட்டச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த பிறகு மூன்று வாரம் வரை ஒன்றைக் கவனியுங்கள். புதரில், புல்லில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சல் வரலாம். கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து, பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாளில் கடும் காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் குளிர் மாதங்களிலும்தான் அதிகம், ஏப்ரலில் வாய்ப்புக் குறைவு. காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் காட்டோரத்தில் தங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் மாதிரி எளிய மருந்திலேயே குணமாகும் நோய் இது. டெங்கு, டைபாய்டு என்று தேடிக்கொண்டு நாளைக் கடத்தும்போதுதான் முற்றுகிறது.